நூலால் ஒரு நகரம்: மாயக்கதை எழுதப் புதிதாக வருவோருக்கு

நான் எழுதிய முதல் மாயக்கதையில் ஒரு நகரம் வரும். மதில், மாடம், தெரு, பாலம் எல்லாமே நூல். நிலா வெளிச்சத்தில் பூதங்கள் இறங்கிவந்து நெய்துவிட்டுப் போகும். எழுதி முடித்த சூட்டோடு குடியாத்தத்தில் இருக்கும் பெரியப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் நாற்பது ஆண்டுகள் குழித்தறியில் லுங்கி நெய்தவர். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரை கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி: "எந்த நம்பர் நூல்?"

"மாய நூல், பெரியப்பா" என்றேன்.

"மாய நூலானாலும் நம்பர் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் தேடிப் போய்விட்டார்.

அந்தக் கதையை அன்றே மூட்டை கட்டிவிட்டேன். அடுத்த கதைக்காக அவரிடமும் தறியிடமும் கற்றதைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நீங்கள் கதை எழுதலாம், படக்கதை வரையலாம், நண்பர்களோடு ஆட ஒரு விளையாட்டுக்காக நகரம் அமைக்கலாம், வேலை ஒன்றுதான். நகரம் எவ்வளவு அழகு என்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அது எங்கே அறும், அறுந்தால் யார் ஓடிவருவார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

முதல் வேலை: ஒரு தறியின் அருகே அரை நாள்

இதைத் தவிர்த்துவிட்டு மேலே படிக்காதீர்கள். வேலூரில் இருப்பவர்களுக்குக் குடியாத்தம் பஸ்ஸில் போய்வரும் தொலைவுதான்; ரயிலில் வந்தால் காட்பாடிக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையில் நிலையம் இருக்கிறது, ஊர் சில கிலோமீட்டர் தள்ளி. பட்டைப் பார்க்க வேண்டுமென்றால் ஆரணி. அது இன்று திருவண்ணாமலை மாவட்டம். 1989 வரை இரண்டு ஊரும் ஒரே வட ஆற்காட்டில்தான் இருந்தன.

குழித்தறியில் நெசவாளர் தரையோடு தரையாக அமர்ந்திருப்பார், கால்கள் குழிக்குள். மிதியை மிதித்ததும் பாவு, அதாவது நீளவாக்கில் கட்டிய இழைகள், இரண்டாகப் பிரிந்து வாய் திறக்கிறது. அந்த வாய்க்குள் குறுக்கு நூலைச் சுமந்த நாடா ஓடி மறுகரை சேர்கிறது. பலகையை இழுத்து ஒரு அடி. ஊடை எனும் அந்தக் குறுக்கு இழை ஒன்று துணியாகிவிட்டது. அடுத்த மிதி. இதை ஒரு நிமிடம் பார்த்தால் தாளம் பிடிபடும். அரை மணி நேரம் பார்த்தால்தான் தாளம் எங்கே தடுமாறுகிறது என்பது தெரியும். ஓர் இழை அறும். கை நின்றுவிடும். ஆயிரக்கணக்கான இழைகளில் அந்த ஒன்றை அவர் கண் பார்க்கும் முன்பே விரல் தேடிப்போகும்.

என் ஆயா இழை பிணைப்பதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் ஒரு சிரட்டையில் சாம்பல் இருக்கும். ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் அதில் தொட்டுக்கொண்டு, இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு திருகு, ஒரு மடக்கு, மறுபடி ஒரு திருகு. முடிச்சு கண்ணுக்குத் தெரியாது. தடவிப் பார்த்தால் மணல் அளவுக்கு நெருடும். உங்கள் நகரத்தில் எத்தனை கோபுரம் வேண்டுமானாலும் இருக்கட்டும், இந்த நெருடல் ஒரு இடத்திலாவது வரவேண்டும்.

ஓர் எச்சரிக்கை. நெசவாளருக்குக் கூலி, நெய்த அளவுக்குத்தான். நீங்கள் பேச்சுக் கொடுக்கும் அரை மணி நேரம் அவருடைய கைக்காசு. சாப்பாட்டு வேளையில் பேசுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள், திரும்பும்போது அவரிடமே ஒரு லுங்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

நூலுக்கு இழுக்கத்தான் தெரியும்

வேலூர்க் கோட்டை மதிலைப் பாருங்கள். கல்லின் மேல் கல். ஒவ்வொரு கல்லும் தனக்குக் கீழே உள்ளதை அழுத்துகிறது, மதில் நிற்கிறது. நூலுக்கு அந்த வித்தை வராது. நட்டமாக நிறுத்தினால் சுருண்டு விழும். அதற்குத் தெரிந்தது இழுப்பது மட்டும்தான். இழுக்க இரண்டு முனை வேண்டும், இரண்டு முனையிலும் அசையாத ஒன்று வேண்டும். ஆகவே நூல் நகரத்தை வரையும்போது முதல் கோடு நூலுக்கல்ல, பாறைக்கு. அந்த வகையில் நமக்கு யோகம்தான்: வேலூரைச் சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள், நடுவே மணல் படுத்த பாலாறு. மலைக்கு மலை கட்டினால் நகரம் தயார்.

இதற்குத் தமிழில் முன்னோடியும் உண்டு. சங்கப் பாடல்களில் "தூங்கெயில்" என்றொரு சொல் வருகிறது. தூங்குதல் என்றால் தொங்குதல். வானில் தொங்கும் கோட்டை. அதை அழித்தவன் ஒரு சோழன் என்று பாடல்கள் புகழ்கின்றன. எதில் தொங்கியது, யார் கட்டினார்கள் என்பதைக் கதையாக்க உங்களுக்கு இடம் காலியாக இருக்கிறது.

இனி தொய்வு. மாடியில் துணி உலர்த்தும் கொடியை எவ்வளவு விறைப்பாகக் கட்டினாலும் ஈர வேட்டியைப் போட்டதும் நடுவில் தாழும். தாழக் கூடாது என்று இன்னும் இறுக்கினால் ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். இதற்குக் கணக்கு இருக்கிறது. பாரம் கயிற்றின் நீளம் முழுக்கச் சீராகப் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரு முனைக்கும் உள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கு தொய்வு விட்டால், முனையில் பக்கவாட்டு இழுவை மொத்தப் பாரத்தைப் போல ஒன்றேகால் மடங்கு. தொய்வை நூற்றில் ஒரு பங்காகக் குறைத்தால் பன்னிரண்டரை மடங்கு. தட்டையான தெரு வேண்டுமென்றால் மலையே பெயர்ந்து வரும் என்று அர்த்தம்.

எனவே உங்கள் தெருக்கள் எல்லாம் நடுவில் தாழ்ந்தவை. அதிலிருந்தே ஊர் பிறந்துவிடும். கைதவறிய எலுமிச்சம்பழம் உருண்டு தெருவின் நடுப்பள்ளத்தில் போய் நிற்கும். சந்தை அங்கேதான் கூடும். வெறுங்கையோடு இறங்கிப்போய், பையைத் தூக்கிக்கொண்டு மேடேறி வீடு திரும்ப வேண்டும். பாறையை ஒட்டிய வீடுகள் ஆடாது. நடுத்தெரு வீடுகள் ஒவ்வொரு மாட்டுவண்டிக்கும் ஆடும். யார் எங்கே குடியிருப்பார்கள், யாருக்கு எங்கே பெண் கொடுக்க மாட்டார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரியப்பாவின் கேள்விக்குப் பதில்

பருத்தி நூலின் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் என்பதுதான். ஒரு சிட்டம் 840 கெஜம். நம்பர் ஏற ஏற நூல் மெலியும்; புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாக எழுதிவிடுகிறார்கள். 60-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் 50,400 கெஜம், ஏறக்குறைய 46 கிலோமீட்டர். மூன்று பவுண்டு, அதாவது ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான நூலைப் பிரித்துக்கொண்டே போனால் வேலூரில் தொடங்கிச் சென்னை எல்லையைத் தொட்டுவிடலாம்.

இப்போது ஒரு சுவர். பத்து அடிக்குப் பத்து அடி, ஒற்றைத் துணி. அங்குலத்துக்கு 60 பாவு இழை, 60 ஊடை இழை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர அங்குலத்துக்குள் 120 அங்குலம் நூல். சுவரில் 14,400 சதுர அங்குலம். பெருக்கினால் 48,000 கெஜம். இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதால் நீளம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும்; நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 50,400. சரியாக ஒரு பவுண்டு. சுவரின் எடை 450 கிராம்!

இந்த விடை வந்த அன்று நான் தூங்கவில்லை. நகரம் பாரம் தாங்காமல் இடிந்து விழும் என்றுதான் அதுவரை பயந்துகொண்டிருந்தேன். உண்மையில் அது பறந்துபோகும்.

நேரத்தையும் பாருங்கள். அந்தச் சுவருக்கு 7,200 ஊடை. விநாடிக்கு ஒன்று என்று ஒரு பூதம் நெய்தால் இரண்டு மணி நேரம். நான்கு சுவர், ஒரு கூரை: பத்து மணி நேரம். அந்தி சாய்ந்து விளக்கு வைத்தபின் தொடங்கினால் விடிவதற்குள் ஒரு வீடு. பூதம் ஒரே இரவில் கட்டிய கோயில், சேவல் கூவியதும் அரைகுறையாக விட்டுவிட்டுப் போன ஏரிக்கரை என்றெல்லாம் நாம் கேட்டு வளர்ந்த கதைகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. தரைக்கு மட்டும் நேரம் போதாது. சேவல் கூவும்போது தரை பாக்கி. என் இரண்டாவது கதையில் பூதம் சுவரையும் கூரையையும் நெய்துவிட்டுப் போய்விடும். குடிவருபவர்கள் தரையைத் தாங்களே நெய்துகொள்ள வேண்டும். மேலே பார்த்தால் மாயம், காலடியில் மனிதக் கை. கதை முழுக்க அந்த வேறுபாட்டிலிருந்துதான் எழுந்தது.

"பாவு ஓட்டுகிற நேரம் எங்கே?" என்று பெரியப்பா இதற்கும் கேட்டார். 7,200 இழைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக விழுதிலும் (இழையைத் தூக்கும் கண்ணி) அச்சிலும் (இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு) கோப்பது நெசவை விடப் பெரிய வேலை. அந்த ஒன்றை மட்டும் மாயத்துக்கு விட்டுக்கொடுத்தேன்: பூதம் விரலை நீட்டினால் பாவு தானாக விரிந்து நிற்கும். மற்றதெல்லாம் தறியின் சட்டப்படி. நீங்களும் மாயத்துக்கு ஒரு சலுகை கொடுங்கள், இரண்டாவதைக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

நெய்பவர்கள் யார்?

வெள்ளிச் சிறகுத் தேவதைகளை விட்டுவிடுங்கள். நம் தோப்பிலேயே மாய நெசவாளர்கள் இருக்கிறார்கள். மாமரத்தில் இலைகளை ஒட்டிப் பந்துபோலக் கூடு கட்டும் முசுறு எறும்பைப் பாருங்கள். வளர்ந்த எறும்புகளிடம் பட்டு இல்லை. அவை வரிசையாக நின்று இலைகளின் விளிம்பை இழுத்துப் பிடிக்கின்றன. வேறு சில எறும்புகள் தங்கள் கூட்டத்துப் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்கும் மாறி மாறி ஆட்டுகின்றன. பட்டு வருவது அந்தப் புழுவின் வாயிலிருந்து. குழந்தைதான் நாடா. பொதுவாக ஒரு புழு தன் கூட்டுக்காக வைத்திருக்க வேண்டிய பட்டு, ஊருக்காகச் செலவாகிவிடுகிறது. இதைப் படித்த பிறகு உங்கள் நகரத்தின் அழகிய மாடங்களை முன்போலப் பார்க்க முடியாது, இல்லையா? நல்லது. அங்கேயே எழுதத் தொடங்குங்கள்.

கிணற்றுக்கு மேல் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடு இன்னொரு வழி. ஆண் குருவி பாதி கட்டி நிறுத்தும். பெண் வந்து பார்த்துப் பிடித்திருந்தால்தான் மீதி. பிடிக்காத பாதிக் கூடுகள் அப்படியே தொங்கும். ஒரு நகரத்தில் இப்படி ஒரு தெரு இருந்தால் அதன் பெயர் என்னவாக இருக்கும்?

எதை எடுத்தாலும் கூலியைத் தீர்மானியுங்கள். பூதம் ஏன் நெய்கிறது, யாரிடம் எதை வாங்கிக்கொள்கிறது? "பரம்பரைச் சாபம்" என்று எழுதித் தப்பிக்காதீர்கள். அது கூலி கொடுக்க மனமில்லாத எழுத்தாளர் செய்யும் வேலை.

காற்று, மழை, தீ

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம். 450 கிராம் சுவர் எம்மாத்திரம். நெசவில் ஓட்டை விடுவது ஒரு வழி. காற்று புகுந்து போகட்டும். ஆடி மாதத்தில் மட்டும் ஊடையை உருவிச் சல்லடையாக்கும் தெருக்களை நான் வைத்திருக்கிறேன். அந்த மாதம் எந்த வீட்டிலும் ரகசியம் இல்லை.

மழைதான் உண்மையான சோதனை. நனைந்தால் நூல் இற்றுவிடும் என்று பொதுவாக நினைக்கிறோம். பருத்தி அப்படியல்ல, ஈரத்தில் அதன் வலு கூடும். பட்டுக்கு ஈரத்தில் வலு குறையும். அதைவிடச் சுவையான செய்தி, முறுக்கிய பருத்திக் கயிறு நனைந்தால் இழைகள் பருத்து நீளம் குறையும். கூடாரம் அடிப்பவர்கள் மழைக்கு முன் கயிற்றைத் தளர்த்துவது இதனால்தான். இப்போது தொய்வுக் கணக்கை மறுபடி எடுங்கள். மழை பெய்கிறது, கயிறு சுருங்குகிறது, தாழ்ந்திருந்த தெரு மெல்ல மேலே எழுகிறது. இழுவை ஒன்றேகாலிலிருந்து மூன்று, ஐந்து என்று ஏறுகிறது. பாறையில் அடித்த முளை முனகத் தொடங்குகிறது. ஐப்பசி மேகத்தைக் கண்டதும் கயிற்றைத் தளர்த்த ஓடும் ஒரு கூட்டம் உங்கள் ஊரில் இருந்தே ஆகவேண்டும். ஒரு நாள் அவர்களில் ஒருவன் அயர்ந்து தூங்கிவிட்டால்? 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதைப் பாலத்தில் நின்று பார்த்தவர்களுக்கு, அந்த வெள்ளத்துக்கு மேலே விறைத்து நிற்கும் ஒரு நகரத்தைக் கற்பனை செய்வது கடினமல்ல.

தீயைப் பற்றிக் குடியாத்தத்துக்காரனிடம் கேட்க வேண்டாம். தறியும் தீப்பெட்டித் தொழிலும் ஒரே ஊரில் இருக்கிறது. வில்லனுக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. பருத்தி சடசடவென்று எரியும். பட்டு சுருண்டு, தலைமுடி பொசுங்கும் நாற்றத்தோடு கருகும், சுடரை விலக்கினால் பெரும்பாலும் அணைந்துவிடும். எனவே அடுப்பு இருக்கும் இடத்தில் பட்டு, அல்லது ஊருக்கே மலைப்பாறையில் ஒரு பொதுச் சமையற்கூடம்.

நிறத்துக்கு ஒரு குறிப்பு மட்டும். அவுரித் தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி நீலமாக இருக்காது; மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்று பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். அதிகாலையில் பச்சையாகத் தொங்கவிடப்பட்ட ஒரு தெரு, காபி குடித்து முடிப்பதற்குள் நீலமாகிவிடும். இதற்கு மாயமே தேவையில்லை.

அறுந்தால்?

தறியில் ஒரு பாவு தீரும்போது கடைசி வரை நெய்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றிவிடுவதில்லை. பழைய பாவின் நுனியை விழுதிலும் அச்சிலும் அப்படியே விட்டு, புதிய பாவின் இழைகளை அதோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கிறார்கள். பிணைத்தபின் இழுத்தால் பழையது புதியதை உள்ளே அழைத்துக்கொண்டு வருகிறது. நூல் நகரம் பழையதாகும்போது இடித்துக் கட்டுவதில்லை, பிணைத்து இழுக்கிறார்கள் என்று வைத்துப் பாருங்கள். தெருவின் ஒரு முனையில் புதிய வீடுகள் முளைக்க, மறுமுனையில் பழையவை நழுவிப் போகும். உங்கள் வீடு ஆண்டுக்கு எத்தனை அடி நகரும்?

முழுதாக மாற்றுவது உங்களுக்குப் பிடித்திருந்தால் பெரு நாட்டுக்குப் போங்கள். அபுரிமாக் ஆற்றின் மேல் ஏறக்குறைய 28 மீட்டர் நீளத்துக்குக் கெஸ்வாசாக்கா என்ற புல்கயிற்றுப் பாலம் இருக்கிறது. இன்கா காலத்து வழக்கம். சுற்றியுள்ள ஊரார் ஆண்டுதோறும் ஜூன் மாதம் கூடிப் புல்லைத் திரித்துப் புதுப்பாலம் முடைகிறார்கள். பழையதை அறுத்து ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். 2013-இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஊர்த் திருவிழாவுக்கு வரி கட்டுவதுபோல வீட்டுக்கு இத்தனை முழம் கயிறு என்று உங்கள் நகரத்திலும் வைக்கலாம்.

சண்டை எதற்கு?

அரியணைக்கு வேண்டாம். வேலூரில் இருந்துகொண்டு துணிக்காகச் சண்டை வருமா என்று யாரும் கேட்க முடியாது. 1806 ஜூலை 10 விடியும் முன் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததற்கு உடனடிக் காரணம் உடை விதிதான்: தோல் பட்டையோடு ஒரு புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது. ஆற்காட்டிலிருந்து வந்த குதிரைப்படை அன்றே அதை அடக்கியது. எல்லாமே துணியாக இருக்கும் ஊரில் கரையின் நிறத்தை மாற்றச் சொல்லி ஓர் ஆணை வந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள்.

இன்னொரு சண்டை கீழே ஓடுகிறது. சாயத் தொட்டி நீர் எங்கே போகிறது? பாலாற்றில் தோல் கழிவு கலந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்துபவரே இழப்பீடு தரவேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பூதத்தின் மேல் வழக்குப் போட முடியுமா என்பது நல்ல கதை.

சொற்கள்

நூல் என்றால் புத்தகமும்தான் என்ற சிலேடையை முதல் பக்கத்தில் எழுதாதீர்கள். எல்லோரும் எழுதுகிறார்கள். அதற்குப் பதில் அந்த ஊர்க்காரர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று யோசியுங்கள். நமக்குச் சிக்கல் என்றால் பிரச்சினை. அவர்களுக்கு அது காலையில் எழுந்து பிரிக்க வேண்டிய பொருள். நம் தச்சர்களும் கொத்தனார்களும் அங்குலத்தை எட்டாகப் பகுத்து ஒவ்வொன்றையும் ஒரு நூல் என்கிறார்கள். "இரண்டு நூல் தள்ளி வை" என்று அந்த ஊரில் சொன்னால் எதை நகர்த்துவது என்று குழம்புவார்கள். சேலம் பக்கத்தில் பாவு விரிக்கும் திடலைப் பாவடி என்பார்கள். உங்கள் நகரச் சதுக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இவ்வளவும் குறித்து வைத்தபின் முதல் பக்கத்தை எழுதுங்கள். நகரத்தைத் தூரத்திலிருந்து காட்ட வேண்டாம். ஓர் இழை அறுகிறது, ஒரு கை அதைத் தேடுகிறது. அங்கிருந்து தொடங்கினால் மதிலும் மாடமும் தானாக வந்து சேரும். எழுதியதை ஒரு நெசவாளரிடம் படித்துக் காட்டுங்கள். என் இரண்டாவது கதையைப் பெரியப்பா முழுவதும் கேட்டார். இந்த முறை கண்ணை மூடவில்லை. தொய்வு சரி, மழை சரி, தரையை மனிதர்கள் நெய்வது மிகவும் சரி என்றார். பிறகு வெற்றிலையை மடித்துக்கொண்டே, "இத்தனை நூல் அறுகிறதே, கழிவு நூலை எங்கே கொட்டுகிறார்கள்?" என்று கேட்டார்.

மூன்றாவது கதை அந்தக் குப்பைமேட்டில் நடக்கிறது. பாதி எழுதியிருக்கிறேன்.